1814–15: இது யார் ஊர் திரும்பும் படம்? நெப்போலியனா, பதினெட்டாம் லூயியா?

தாள்வாசி:

வணக்கம். வட்டார நூலகம் ஒன்றில் சிறு கண்காட்சிக்கு ஏற்பாடு நடக்கிறது. தலைவர்கள் நாடு திரும்பும்போது கேலிச்சித்திரக்காரர்களும் தெருப்பாட்டுக்காரர்களும் என்ன செய்தார்கள் என்பதுதான் பொருள். எல்லா நாட்டையும் அள்ளிப் போடாமல் பாரிஸ் ஒன்றையே எடுத்துக்கொண்டோம். அங்கே 14 மாதச் சொச்சத்தில் மூன்று வருகை நடந்திருக்கிறது. 1814 மே 3 அன்று, நெப்போலியன் பதவி இழந்ததும், அரசராகப் பதினெட்டாம் லூயி. 1815 மார்ச் 20 அன்று, நாடுகடத்தப்பட்டிருந்த எல்பாத் தீவிலிருந்து நெப்போலியன்; அதற்கு முந்தின இரவே லூயி கிளம்பிப் போய்விட்டார். வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்ற பிறகு, ஜூலை 8 அன்று, மறுபடியும் லூயி.

இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதிக்கு மேல் "நெப்போலியன் திரும்புகிறார், 1815" என்றே தலைப்பு இருக்கிறது. சிலவற்றில் ஆள் போகிறாரா வருகிறாரா என்பதே விளங்கவில்லை. கேட்க வேண்டியவை மூன்று. எந்தப் படம் எந்த வருகைக்கு உரியது என்று எப்படிப் பிரிப்பது? பாட்டு வரி கையில் இருக்கிறது, மெட்டு இல்லை. அதை எங்கே பிடிப்பது? நெப்போலியன் நெருங்க நெருங்கப் பாரிஸ் நாளிதழ் தலைப்பை மாற்றிக்கொண்டே வந்ததாகச் சொல்வார்களே, "நரமாமிசம் தின்னி குகையை விட்டுக் கிளம்பியது" என்று தொடங்கி "மாமன்னர் அரண்மனையில் எழுந்தருளினார்" என்று முடியும், அதைப் பெரிய எழுத்தில் முதல் பலகையில் போடலாமா?

செப்புத்தகடு:

படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள்.

லண்டன் அச்சாக இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். 1735-இல் வந்த செதுக்கோவியக் காப்புரிமைச் சட்டப்படி, வெளியிட்டவர் பெயரும் வெளியிட்ட நாளும் படம் செதுக்கிய செப்புத்தகட்டிலேயே இருக்க வேண்டும். அதனால் ஓவியத்துக்குக் கீழே ஒரு வரி ஓடும்: இன்ன மாதம் இன்ன தேதி, இன்னார், இன்ன தெரு. தாமஸ் டெக் என்றால் சீப்சைடு 111-ஆம் எண். ஃபோர்ஸ் என்றால் பிக்காடிலி 50. ஹன்னா ஹம்ஃப்ரி என்றால் செயின்ட் ஜேம்ஸ் தெரு 27. இணையக் கோப்புகளில் பெரும்பாலும் இந்த வரியைத்தான் வெட்டி எறிந்திருப்பார்கள். ஓரம் வெட்டிய கோப்பைக் கண்காட்சிக்கு எடுக்காதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் கேலிச்சித்திரத் தொகுப்பில் அதே படத்தின் முழுத் தாளும் தேதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தேதி கிடைத்ததும் அதைச் செய்தி பயணித்த வேகத்தோடு ஒத்துப் பாருங்கள். நெப்போலியன் எல்பாவை விட்டது பிப்ரவரி 26. தென்கரையில் கோல்ஃப் ஜுவானில் இறங்கியது மார்ச் 1. அங்கிருந்து லியோன் வரை குதிரைத் தூதர்தான். லியோனிலிருந்து பாரிஸுக்கு, மரக்கையை அசைத்துச் செய்தி அனுப்பும் கைகாட்டித் தந்தி இருந்தது. பாரிஸில் அரசுக்குத் தெரிந்தது மார்ச் 5. வியன்னாவில் கூடியிருந்த மன்னர்களுக்கு மார்ச் 7. லண்டனுக்கு மார்ச் 10. ஆகவே 1815 மார்ச் முதல் வாரத் தேதி போட்ட லண்டன் படம் இந்த வருகையைப் பற்றியதாக இருக்க முடியாது. அதேபோல, மார்ச் நடுவில் வெளிவந்த லண்டன் படம் அவரைத் தப்பி ஓடி வருபவராகத்தான் காட்டும். அப்போது அவர் பாரிஸ் அரண்மனையை எட்டவே இல்லை. அரியணையில் இருப்பதாகக் காட்டினால் மார்ச் கடைசி வாரத்திலோ அதற்குப் பிறகோதான். இந்தப் பத்துப் பதினைந்து நாள் வித்தியாசத்தில் கிண்டலின் தொனியே மாறிவிடுகிறது. முதலில் ஓடிப்போன கைதி. பிறகு, சாம்பலிலிருந்து எழுந்த பூதம். ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் 1815 மே 1 தேதியிட்டு அவரை ஃபீனிக்ஸ் பறவையாகவே வரைந்தார். அந்தப் படம் ஒரு மாத இதழுக்குள் மடித்து வைத்து வந்தது. நிறையப் பிரதிகளில் மேலிருந்து கீழாக மடிப்புக் கோடு தெரியும். அதைச் சேதம் என்று நினைத்துக் கணினியில் அழித்துவிடாதீர்கள். எப்படி விற்றது என்பதற்கு அந்த மடிப்புதான் சாட்சி.

அடிக்கடி நடக்கும் மூன்று குழப்பங்களைச் சொல்லிவிடுகிறேன். கழுதையில் வாலைப் பார்த்தபடி பின்புறமாக உட்கார்ந்து, கையில் முறிந்த வாளோடு நெப்போலியன் போகும் படம் 1814-இல் எல்பாவுக்குப் போனபோது வந்தது. அது வருகை அல்ல. அடுத்து, லண்டன் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே பெயர் போட்ட "1815 வருகை" எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள். அவர் மனநிலை குலைந்து 1811-க்குப் பிறகு செதுக்கவே இல்லை. 1815 ஜூன் 1 அன்று இறந்தார். மூன்றாவது, கல்லச்சு. கல்லில் வரைந்து அச்சடிக்கும் இந்த லித்தோ முறை அச்சகங்கள் பாரிஸில் 1816-இல்தான் காலூன்றின. செப்புத்தகட்டில் அச்சடித்த தாளில், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் இருக்கும். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும். ஓரம் வெட்டாத தாளில் அந்தப் பள்ளமே இல்லாமல், கோடு சாக்குக்கட்டியால் இழுத்ததுபோலப் பொடிப்பொடியாக இருந்தால், நெப்போலியன் 1815-இல் திரும்பி வந்து நடத்திய நூறு நாள் ஆட்சியை நினைத்துப் பின்னால் வரைந்த படம் அது.

பிரெஞ்சு அச்சு இவ்வளவு சுலபமல்ல. பெரும்பாலும் ஓவியர் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. அரசிடம் பிரதி ஒப்படைத்ததைக் குறிக்கும் ஒற்றைச் சொல் மட்டும் மூலையில் இருக்கும். ஒப்படைத்த படங்களின் பெயர் வாராவாரம் அச்சான பிரெஞ்சு நூற்பட்டியல் இதழில் வந்தது. பெயரை அதில் தேடினால் "இந்த நாளுக்குள் வந்துவிட்டது" என்று சொல்ல முடியும். நெப்போலியன் மார்ச் 24 அன்று தணிக்கையை ரத்து செய்தார். லூயியைத் துணிந்து கேலி செய்யும் பாரிஸ் படங்கள் குவிந்தது அதற்குப் பிறகுதான்.

குஜிலிக்கடை:

பாட்டுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் பிரெஞ்சு தெருப்பாட்டுக்குப் புது மெட்டுப் போடும் வழக்கம் குறைவு. நம்மூர் குஜிலிப் புத்தகத்தில் தலைப்புக்குக் கீழே "இன்ன பாட்டு மெட்டு" என்று போடுவார்கள் இல்லையா, அதேதான் அங்கேயும். பாட்டுத் தலைப்புக்கு அடியில் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். பலர் அதை முதல் அடி என்று நினைத்து மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது மெட்டின் பெயர். அந்தப் பெயரை "கிளே து காவோ" என்ற மெட்டுத் தொகுப்பில் தேட வேண்டும். பியேர் காப்பெல் 1810-களில் தொடங்கிப் பல பதிப்பாக வெளியிட்டது. ஒவ்வொரு மெட்டுக்கும் ஓர் எண், சுரக்குறிப்பு, கூடவே அகரவரிசை அட்டவணை. ஒரே மெட்டுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும் என்பதுதான் தொல்லை. மூலப் பாட்டின் முதலடி ஒரு பெயர், அதன் பல்லவி இன்னொரு பெயர், பின்னால் அதே மெட்டில் பிரபலமான வேறு பாட்டின் பெயர் மூன்றாவது. ஒரு பெயரில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள். பதிப்புக்குப் பதிப்பு எண் மாறலாம் என்பதால், எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வராமல் எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

மெட்டைக் கண்டுபிடித்தால்தான் கிண்டலே புரியும். கேட்பவர் காதில் பழைய வரி ஓடிக்கொண்டிருக்கும். வாயில் புது வரி வரும். உங்கள் கண்காட்சிக்கு இதைக் காட்ட மிகச் சரியான மெட்டு ஒன்று உண்டு. 1769-இல் கிரேட்ரி இசையமைத்த "லூசில்" என்ற நாடகத்தில் வரும் நால்வர் பாட்டு. "சொந்தக் குடும்பத்தின் மடியை விட இதமான இடம் எது?" என்று தொடங்கும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடும் பாட்டு. லூயியின் போர்பன் குடும்பம் திரும்பியதும் அது அரச வரவேற்புப் பாட்டாகவே ஆகிவிட்டது. நாட்டை ஒரு குடும்பமாகவும் மன்னரைத் தகப்பனாகவும் காட்ட அதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்! அதே மெட்டை 1812-இல் ரஷ்யப் பின்வாங்கலின்போது நெப்போலியனின் காவல்படை வாத்தியக்காரர்கள் வாசித்ததாகவும், வீட்டை நினைவூட்டும் பாட்டு அந்தப் பனியில் வேண்டாம் என்று அவர் வேறு பாட்டை வாசிக்கச் சொன்னதாகவும் கூடப் போன தளபதி செகூர் எழுதியிருக்கிறார். ஆக, மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு "இது அரசர் கட்சிப் பாட்டு" என்று முடிவு கட்டக் கூடாது. வரிகளைப் படித்துத்தான் சொல்ல வேண்டும். "வாழ்க நான்காம் ஹென்றி" என்ற பழம்பாட்டு மட்டும் விதிவிலக்கு. 1814-இலும் 1815 ஜூலையிலும் அது கேட்டால் வருகிறவர் லூயிதான்.

ஒரு நடைமுறை யோசனை. வரிகளைத் தமிழாக்கி அந்த மெட்டிலேயே பாட வைக்காதீர்கள். பிரெஞ்சுப் பாட்டில் பேச்சில் விழுங்கிவிடும் கடைசி உயிரையும் இழுத்துப் பாடுவார்கள். அசைக்கணக்கு அதை நம்பி இருக்கிறது. தமிழ் வரி அதில் உட்காராது, சொல் பிளந்துபோகும். புல்லாங்குழலிலோ வயலினிலோ மெட்டை மட்டும் ஒலிக்கவிட்டு, பலகையில் இரண்டு பத்தியாக, இடப்பக்கம் பழைய வரியின் பொருளும் வலப்பக்கம் புது வரியின் பொருளும் போடுங்கள். கேட்பவர் தானே சேர்த்துக்கொள்வார்.

தாள்வாசி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கொடிப்பட்டை பற்றி ஒன்று கேட்க வேண்டும். தொப்பியில் வெள்ளைப் பட்டை என்றால் அரசர் கட்சி, மூவண்ணம் என்றால் நெப்போலியன் கட்சி என்று பிரித்துவிடலாம் என நினைத்தேன். ஆனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளில் நிறம் வேறு வேறாக இருக்கிறது. இன்னொரு படத்தில் எல்லாருமே இடக்கையால் வாள் பிடித்திருக்கிறார்கள். ஊதாப்பூங்கொத்து ஒன்றும் வந்திருக்கிறது. அதில் ஆளே இல்லை. அதை எதற்கு இந்தத் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள்?

செப்புத்தகடு:

நிறத்தை நம்பாதீர்கள். தகடு கொடுப்பது கறுப்புக் கோடு மட்டும்தான். நிறம் ஒவ்வொரு தாளிலும் கையால் பூசியது. கடையில் பூசாத தாளும் இருந்தது, பூசிய தாளும் இருந்தது, விலையும் வேறு. பூசாமல் விற்ற தாளுக்குப் பின்னாளில் யாராவது நிறம் கொடுத்திருக்கலாம். கோட்டிலேயே பட்டையின் வளையம் மூன்றாகப் பிரித்துக் கீறப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோடு சாட்சி சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். நிறம் மட்டும் சொன்னால் சும்மா குறித்து வையுங்கள்.

இடக்கை வாள் என்பது நகல் எடுத்ததன் அடையாளம். தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலமாகப் புரண்டு விழும். மூல ஓவியர் அதைக் கணக்கில் வைத்துத் தகட்டில் திருப்பி வரைவார். வேறு நாட்டுக்காரர் அச்சான தாளை அப்படியே பார்த்துத் தகட்டில் கீறினால், அவர் தாளில் எல்லாம் இடம் வலம் மாறி வரும். வாள் வலப்பக்க இடுப்பில் தொங்கும், சட்டைப் பொத்தான் பக்கம் மாறும். பாரிஸ் படத்தை லண்டனும் லண்டன் படத்தைப் பாரிஸும் இப்படி எடுத்திருக்கின்றன. ஊர் திரும்பும் படத்தில் இது ரொம்ப முக்கியம். மூலத்தில் இடமிருந்து வலமாக வருகிறவர் நகலில் எதிர்த்திசையில் போவார். "இவர் கிளம்புகிறார்" என்று தவறாகப் படித்துவிடுவோம். கணினியில் படத்தைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். எழுத்து தவிர மற்றதெல்லாம் சரியாக அமைந்துவிட்டால் அது நகல்தான்.

அல்லியும் ஊதாவும்:

ஆளே இல்லை என்று சொன்ன அந்தப் பூங்கொத்துதான் உங்கள் கண்காட்சியின் உயிர். தயவுசெய்து அதை நடுச்சுவரில் மாட்டுங்கள்.

ஊதாப்பூ அங்கே குளிர் முடியும்போது, பிப்ரவரி மார்ச்சில் பூக்கும். நெப்போலியன் 1814-இல் போனதும், "ஊதாப்பூ பூக்கும்போது வருவார்" என்ற பேச்சு அவர் ஆதரவாளர்களிடம் பரவி, பூவே அவர் பெயருக்கு மாற்றாகிவிட்டது. "கார்ப்பரல் ஊதா" என்றால் அவர்தான். சொன்னபடி மார்ச்சில் வந்தும்விட்டார். அதுவும் பாரிஸில் நுழைந்த மார்ச் 20 அவர் மகன் பிறந்தநாள். பையன் 1811-இல் அதே தேதியில் பிறந்தவன். கானு என்பவர் செதுக்கிய பூங்கொத்துப் படம் இதையெல்லாம் ஒன்றாகக் கட்டிவிட்டது. பூவைப் பார்த்தால் பூ மட்டும்தான் தெரியும். இலைக்கும் காம்புக்கும் நடுவில் வெறும் தாள் தெரிகிறதே, அந்த வெள்ளை இடைவெளியின் ஓரத்தைக் கண்ணால் தொடருங்கள். நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று ஒரு பக்கவாட்டு முகம் பிடிபடும். அப்படி மூன்று முகம்: நெப்போலியன், மனைவி மரி லூயீஸ், மகன். பார்வையாளருக்கு விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். படத்துக்குக் கீழே "மூன்று பேர் இருக்கிறார்கள்" என்று மட்டும் எழுதி, விடையைப் பக்கத்தில் ஒரு மடிப்புக்குள் வையுங்கள்.

அச்சிடும்போது கவனம். முகம் தெரிவதே வெள்ளை இடைவெளியால்தான் என்பதால், பழுப்புப் பின்னணியை நீக்குகிறேன் என்று மாறுபாட்டை (காண்ட்ராஸ்ட்) ஏற்றினால் மெல்லிய கோடு அறுந்து மூக்கே காணாமல் போகும். ஏ4-க்குச் சுருக்கினாலும் அதே கதிதான். மூலத்தின் அளவுக்குக் குறையாமல் எடுங்கள்.

எதிர்க்கட்சிச் சின்னம் அல்லிப்பூ. படத்தில் அல்லி தலைதூக்கி நின்றால் லூயி வருகிறார், அல்லி வாடி ஊதா நின்றால் நெப்போலியன் வருகிறார். நெப்போலியனின் சின்னமான கழுகும் அப்படித்தான், அதற்கு ஒரு குறிப்பிட்ட காரணமும் உண்டு. மார்ச் 1 தேதியிட்டுப் படைவீரர்களுக்கு அவர் விட்ட அறிக்கையில், கழுகு மூவண்ணத்தோடு கோபுரம் கோபுரமாகப் பறந்து நோத்ர்தாம் கோபுரம் வரை போகும் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ஓவியர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கோபுரத்தின் மேலே கழுகு பறக்கும் படம் கண்டால் மார்ச் 20 வருகை என்று தைரியமாக எழுதலாம். காற்றுத்திசை காட்டும் தகடும் மெழுகுவத்தியை அணைக்கும் கூம்புக் குல்லாயும் வந்தால் அவை "ல நேன் ஜோன்" என்ற கேலி இதழின் கைவரிசை. 1814 டிசம்பரிலிருந்து 1815 ஜூலை வரை ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்த இதழ். காற்றுத்தகடு என்றால் ஆட்சிக்கு ஆட்சி கட்சி மாறுபவர். கூம்பு என்றால் அறிவு வெளிச்சத்தை அணைக்கிற பழமைவாதி. இரும்புக் கூண்டு இருந்தால் மார்ஷல் நேயை நினைத்துக்கொள்ளுங்கள். நெப்போலியனைக் கூண்டில் அடைத்துக் கொண்டுவருகிறேன் என்று மன்னரிடம் சொல்லிவிட்டுப் போய், மார்ச் 14 அன்று அவர் பக்கமே சேர்ந்துகொண்டவர். ஆனால் கூண்டுப் படங்கள் அதற்கு முன்பும் லண்டனில் நிறைய வந்தன. கூண்டு மட்டும் போதாது, 1815 தேதியும் வேண்டும்.

ஜூலை வருகைக்கு அடையாளம் வேறு. லூயி தனியாக வர மாட்டார். வாட்டர்லூவில் வென்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனோ ரஷ்யக் கோசாக்கு வீரனோ பக்கத்தில் இருப்பார்கள். அந்நியப் படையின் மூட்டை வண்டியில் ஏறி வந்தவர் என்ற வசையை அவர் ஆட்சி கடைசி வரை சுமந்தது.

செய்தித்தாள் தலைப்புகளைப் போடாதீர்கள். அது பின்னால் யாரோ கோத்த நகைச்சுவை. "மோனித்தர்" அரசின் அதிகாரபூர்வ இதழ். இன்றைய பத்திரிகைபோல் பெரிய தலைப்பு வைக்கும் வழக்கமே அதற்கு இல்லை. உண்மையில் மார்ச் 7 இதழில் வந்தது, நெப்போலியனைத் துரோகி, கலகக்காரர் என்று அறிவிக்கும் அரச ஆணை. மார்ச் 21 இதழ் பேரரசரின் வருகையைச் சொல்கிறது. இந்த இரண்டு இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு பத்திரிகை புரண்டு படுத்ததைக் காட்ட அதுவே போதும், பொய் தேவையில்லை.

தாள்வாசி:

தலைப்புகளை எடுத்துவிட்டோம். கடைசிப் பலகையாக, இரண்டாவது முறை நாடுகடத்தப்பட்டு இறந்த செயின்ட் ஹெலினா தீவிலிருந்து நெப்போலியன் உடலைக் கொண்டுவந்த 1840 வருகையைச் சேர்க்கலாமா? லண்டன் பாட்டுத்தாள்களும் அதில் வரும்.

குஜிலிக்கடை:

தாராளமாகச் சேர்க்கலாம். உடலைத் தோண்டி எடுத்தது 1840 அக்டோபர் 15. "பெல் பூல்" என்ற போர்க்கப்பல் நவம்பர் 30 அன்று ஷேர்பூர் துறைமுகம் வந்தது. பாரிஸ் ஊர்வலம் டிசம்பர் 15. ஆனால் 1815 போலக் கேலிச்சித்திரம் கொட்டிக் கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1835 செப்டம்பர் சட்டப்படி பிரான்ஸில் கேலிச்சித்திரத்துக்கு முன் அனுமதி வேண்டும். அரசியல் கேலி அடங்கிப்போயிருந்தது. லண்டன் "பஞ்ச்" இதழ் தொடங்கியதே 1841 ஜூலையில். ஊர்வலத்தையொட்டி "பஞ்ச்" வரைந்த படம் என்று ஏதாவது கிடைத்தால் அது தவறான குறிப்பு. அந்த இடத்தை எபினால் ஊர் பெல்லரின் அச்சகத்தின் வண்ண மரக்கட்டைப் படங்களால் நிரப்புங்கள். கிராமத்து வீட்டுச் சுவரில் நெப்போலியனை உட்கார வைத்தவை அவைதான். பாட்டுக்கு பெராஞ்ஜே என்ற பிரெஞ்சுப் பாட்டுக்காரர். 1815 நவம்பர் 9 சட்டத்துக்குப் பிறகு நெப்போலியனை வாழ்த்திக் குரல் கொடுத்தாலே வழக்கு. பெராஞ்ஜேயும் தன் பாட்டுகளுக்காக 1828-இல் 9 மாதச் சிறையும் 10,000 ஃபிராங்க் அபராதமும் வாங்கினார். பெயரைச் சொல்லாமல் "அவர்" என்று மட்டும் பாடும் பாட்டுகள் ஏன் அத்தனை என்பது அப்போது விளங்கும்.

லண்டன் பாட்டுத்தாளில் தேதி இராது. 1799 சட்டத்தால் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். அதை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும். உதாரணமாக ஜான் பிட்ஸ் 1802 முதல் 1819 வரை கிரேட் செயின்ட் ஆண்ட்ரூ தெரு 14-ஆம் எண்ணில் இருந்தார், பிறகு அதே தெருவில் 6-ஆம் எண்ணுக்கு மாறினார். எல்பாவிலிருந்து திரும்பியதைப் பாடும் தாளில் 6 என்று இருந்தால் பாட்டு பழையதாக இருக்கலாம், தாள் மறுபதிப்பு. பலகையில் 1815 என்று போடாமல் "1819-க்குப் பின் அச்சானது" என்று போடுங்கள். மேலே இருக்கும் மரக்கட்டைப் படத்தைப் பாட்டோடு முடிச்சுப் போட வேண்டாம். கையில் இருந்த பழைய கட்டையை எந்தப் பாட்டுக்கும் வைத்து அடிப்பார்கள். நெப்போலியன் பாட்டின் தலையில் ஏதோ ஒரு கப்பலோ பூந்தொட்டியோ நிற்கும். அதே படம் அடுத்த தாளில் காதல் பாட்டுக்கும் வந்திருக்கும். அப்படி ஒரு ஜோடி கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே மாட்டுங்கள்.